இருபதடி பேனரில் இடமில்லாத ஒரு வரி

‘தெரியாது’ என்கிற ஒரு வார்த்தையை மட்டும் பாலக்காவிடம் சொல்லக் கூடாது. வேறு எதைச் சொன்னாலும் பொறுத்துக்கொள்வார். பால் திரிந்துவிட்டது என்று சண்டைக்குப் போனால் சிரித்துக்கொண்டே வேறு பாக்கெட் எடுத்துக் கொடுப்பார். ஒரு மணி நேரம் தாமதமாக வந்ததற்குத் திட்டினால் “திட்டு, திட்டு” என்று நின்று கேட்டுவிட்டுப் போவார். ஆனால் ‘தெரியாது’ என்று சொன்னால் சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தட்டி நிறுத்திவிடுவார். அதற்குப் பிறகு நாம் தப்பிக்க முடியாது.

எங்கள் ஊர் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற வழியில் இருக்கிறது. பேர் வேண்டாம். பேரைச் சொன்னால் இன்றைக்கும் அங்கே வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் இரண்டு முறை யோசிப்பார்கள்.

விடிகிற நேரத்தில் அந்த சைக்கிள் வரும். பின்னால் இரண்டு நீல டிரே, முன்னால் ஒயர்கூடை. புடவைக்கு மேல் கணவருடைய பழைய செக்யூரிட்டி சட்டையைப் போட்டிருப்பார். தோளில் கம்பெனிப் பட்டையைப் பிரித்த இடத்தில் நூல் தொங்கும். அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஊரில் கிழவர்கள்கூட அவரைப் பாலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

மூன்றாவது தெருவில் லைன் வீடுகள் இருந்தன. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு ரூம்கள், ஒவ்வொன்றிலும் தெற்கிலிருந்து வேலைக்கு வந்த மூன்று நான்கு பையன்கள். ஆளுக்கு ஒரு ஷிஃப்ட். ஒருவன் வரும்போது இன்னொருவன் கிளம்புவான். அங்கேதான் அக்காவின் விசாரணை தினமும் நடக்கும்.

“பக்கத்து ரூம்ல யார் கீறாங்க?”

“தெரியாதுக்கா.”

“தெரியாதா? ஒரே செவுத்துக்கு இந்தாண்ட ஒருத்தன் அந்தாண்ட ஒருத்தன் தல வச்சிக்கினு தூங்குறீங்க. பேர் தெரியாதா?”

சொல்லிவிட்டுப் பக்கத்து ரூம் கதவைத் தட்டுவார். ராத்திரி வேலை முடித்து அப்போதுதான் கண்ணை மூடியவன் லுங்கியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வருவான். அவனையும் இவனையும் எதிரெதிரே நிறுத்தி, “இவன் கணேசன். சாத்தூரு. பைப்பு ஃபிட்டர் வேல. நீ யாரு, எந்த ஊரு, சொல்லு அவனாண்ட” என்பார். இரண்டு பேரும் அசடு வழிய சிரிப்பார்கள். அக்கா சிரிக்க மாட்டார். “நாளைக்கு வந்து கேப்பேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த கதவுக்குப் போவார். சொன்னபடி மறுநாள் கேட்பார்.

எனக்கு இது முதலில் ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது. காரணம் பிறகு தெரிந்தது. அவர் என்னிடம் சொல்லவில்லை, கணேசன் சொன்னான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊரில் மஞ்சள் காமாலை பரவியது. அப்போது அதே லைன் வீட்டில் ஒரு பையன் தனியாகக் கிடந்திருக்கிறான். அக்கா முதல் நாள் பாக்கெட்டைக் கதவில் மாட்டினார். மறுநாள் போனால் நேற்றைய பாக்கெட் அப்படியே தொங்கியது. ஊருக்குப் போயிருப்பான் என்று நினைத்து அதன் பக்கத்திலேயே இன்னொன்றை மாட்டிவிட்டு வந்தார். மூன்றாம் நாள் மூன்றாவது பாக்கெட்டை மாட்டப் போனபோதுதான் கதவைத் தள்ளிப் பார்த்திருக்கிறார். பக்கத்து ரூம்காரர்கள் எல்லோரும் ஓடி வந்தார்கள். செத்தவன் பேரை போலீஸ் கேட்டபோது அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அதிலிருந்துதான் அக்காவுக்கு அந்த வார்த்தை ஆகாது.

அந்தக் காமாலை வருஷத்தோடு ஊரும் படுத்துவிட்டது. கம்பெனி பஸ்கள் எங்கள் ஸ்டாப்பில் நிற்பதை நிறுத்தின. “அந்த ஊர்ல ரூம் எடுக்காதீங்க” என்று வேலைக்குச் சேரும் பையன்களிடம் கம்பெனிகளிலேயே சொன்னார்களாம். கடனை வாங்கி மாடி மேல் மாடி கட்டியவர்கள் ‘டு லெட்’ போர்டை மாட்டிவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். மெஸ் மூடியது, செல்போன் கடை மூடியது, சலூன்காரர் படப்பைக்குப் போய்விட்டார். வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகிற கார்கள்கூட எங்கள் ஊரில் டீக்கு நிற்காமல் கடந்து போயின.

அப்போதுதான் வீட்டுச் சொந்தக்காரர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து ஒரு வளர்ச்சிக் குழு ஆரம்பித்தார்கள். கல்யாண மண்டபம் வைத்திருந்தவர் தலைவர். அவர்தான் என்னைக் கூப்பிட்டு வேலைக்கு வைத்தார். என் அப்பா ஸ்ரீபெரும்புதூரில் கோயில் கைங்கரியத்தில் இருந்தவர். அதுவரை நான் தாம்பரத்தில் தங்கி ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் டிசைன் செய்துகொண்டிருந்தேன். படமும் எடுப்பேன், வாசகமும் எழுதுவேன்.

“ஊருக்கு ஒண்ணுமே ஆகல தம்பி. பேருதான் கெட்டிருக்கு. பேரை சரி பண்ணிட்டா போதும்” என்றார் தலைவர். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. பேரைச் சரி பண்ணுவது என் தொழில்.

‘வாங்க, நம்ம ஊருக்கு’ என்று ஆரம்பித்தோம். சுவர்களுக்கெல்லாம் பெயின்ட் அடித்தோம். மூடிய கடைகளின் ஷட்டர்களில் பூ வரைந்தோம். ஊர் எல்லையில் பெரிய வளைவு ஒன்று கட்டுவதென்றும், அதைத் திறக்கும் நாளில் மூன்று நாள் விழா எடுப்பதென்றும் முடிவானது. நான் ராப்பகலாக உழைத்தேன். பொய் சொல்லவில்லை, மனதாரத்தான் உழைத்தேன்.

அதே மாதங்களில் பாலக்காவும் ஒரு வேலை செய்துகொண்டிருந்தார். அதற்குப் பேரும் கிடையாது, குழுவும் கிடையாது. லைன் வீட்டுப் பையன்களையும் மூன்றாவது தெருப் பெண்களையும் கூட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தெருவுக்குப் பின்னால் இருந்த சாக்கடையை அள்ளினார். அடியில் சேறு போனதும் குடிதண்ணீர் பைப் தெரிந்தது. சாக்கடைக்குள்ளேயே கிடந்தது பைப். கணேசன் இறங்கி ஒவ்வொரு ஜாயிண்டாகத் தடவிப் பார்த்தான்.

“இது உள்ள இழுக்குக்கா” என்றான். “மோட்டார் ஓடுறப்ப தண்ணி வெளிய கசியும். மோட்டார நிப்பாட்டுனதும் பைப்பு காலியாகுமில்ல? அப்ப வெளிய கெடக்குறத உள்ள உறிஞ்சிக்கும். அடுத்த தடவ தண்ணி விட்டதும் அதுதான் மொதல்ல வீட்டுக்கு வரும்.”

அக்கா போய்த் தன் சைக்கிளின் பழைய டியூபைக் கொண்டுவந்து வெட்டிக் கொடுத்தார். மூன்று ஜாயிண்டுகளை அவர்களே சுற்றிக் கட்டினார்கள். அந்தத் தெருவில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நின்றது.

நான் இதைக் கேள்விப்பட்டு கேமராவோடு போனேன். எனக்கு ஒரு முகம் தேவையாக இருந்தது. அதுவரை நாங்கள் போட்ட பேனர்களில் தலைவர் முகம்தான் இருந்தது, அதைப் பார்த்து யாரும் குடிவருவதாகத் தெரியவில்லை.

“ஒரு படம் எடுத்துக்கறேன்க்கா. பேனர்ல போடணும்.”

“என் மூஞ்சி எதுக்கு சாமி?”

“உங்களப் பாத்தா நம்பிக்கை வருது.”

“செரி. ஆனா கீழ ஒரு வரி போடணும். தண்ணிய காய்ச்சிக் குடிங்கன்னு. பெருசா போடணும். போடுவியா?”

“போடறேன்க்கா.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

செக்யூரிட்டி சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, புடவையை இழுத்து விட்டுக்கொண்டு சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். சிரிக்கச் சொன்னேன். வரவில்லை. அடுத்த வீட்டுக் குழந்தை ஏதோ சொன்னது, சட்டென்று சிரித்தார். அந்த நொடியில் எடுத்துவிட்டேன். நான் எடுத்த படங்களிலேயே அதுதான் நல்ல படம்.

டிசைனைத் தலைவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரியைப் படித்தார். “இத எதுக்குப்பா போட்ட? காய்ச்சிக் குடின்னா, தண்ணி கெட்டுக்கெடக்குன்னு நாமளே சொல்ற மாதிரி இல்ல?”

எனக்கும் அது சரியென்று பட்டது. இதை நான் மறைக்கப் போவதில்லை. அந்த வரியை எடுத்துவிட்டு ‘பால் போல் வெள்ளை மனசு, பால் போல் தூய ஊர்’ என்று போட்டேன். தலைவர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

பேனர் ஏறிய அன்று அக்கா சைக்கிளை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். பிறகு என் ஆபீசுக்கு வந்தார்.

“அந்த வரி எங்க சாமி?”

“இடம் பத்தலக்கா.”

“இருவது அடி பேனர்ல எடம் பத்தல.” கேள்வியாகக் கேட்கவில்லை. எனக்கே திருப்பிச் சொல்வதுபோல் சொன்னார். “என் மூஞ்சிய பாத்து ஆளுங்க வந்தா, நாளைக்கு எதுனா ஆனா, நான் இன்னா பதில் சொல்றது?”

ஆட்கள் வந்தார்கள். அதுதான் பயங்கரம். பேனர் நன்றாகவே வேலை செய்தது. ஒரு கம்பெனி பஸ் மறுபடி நின்றது. அதைப் பார்த்து இன்னொன்றும் நின்றது. பை, பாய், பிளாஸ்டிக் வாளியோடு பையன்கள் இறங்கினார்கள். வளைவு கட்டும் இடத்துக்குப் பின்னால் தலைவர் புதிதாகக் கட்டிய மூன்று மாடி பில்டிங் ஒரே மாதத்தில் நிறைந்தது.

அவர்களில் ஒருவன் இசக்கிமுத்து. தென்காசிப் பக்கம். பத்தொன்பது இருபது வயது, ஒல்லி, ஐ.டி.ஐ முடித்த கையோடு வந்திருந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கி நின்றவன், எதிரே சைக்கிளில் வந்த அக்காவைப் பார்த்து ஓடிவந்தான். நான் அப்போது பக்கத்தில்தான் இருந்தேன்.

“பேனர்ல இருக்க அக்கா நீங்கதான? ஒங்க படத்தப் பாத்துதான் இங்கன ரூம் எடுத்தேன். எங்கம்மைட்டயும் போன்ல சொல்லிட்டேன், நல்ல ஊருதான்னு.”

அக்கா அவனுடைய ஊர், வீட்டில் யார் யார், அப்பா என்ன வேலை என்று எல்லாம் கேட்டார். கேட்டுவிட்டு, “தண்ணிய காய்ச்சிக் குடி” என்றார். “சரிக்கா” என்றான். அவன் ரூமில் அடுப்பு கிடையாது. அந்த பில்டிங்கில் அடுப்பு வைக்கக் கூடாது என்று சட்டம். பால்காரரும் காய்காரரும் மேலே போகவும் கூடாது. கீழே தலைவரின் கடையிலேயே எல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டும். வாசலில் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். ஊரில் பாலக்கா தட்ட முடியாத கதவுகள் அந்த பில்டிங்கில்தான் இருந்தன.

இதற்கிடையே வளைவுக்குக் குழி தோண்டினார்கள். நானும் நின்றிருந்தேன். இடதுபக்கத் தூணுக்கு ஆறடி போனதும் கடப்பாரை எதிலோ இடித்தது. குபுகுபுவென்று தண்ணீர் ஏறியது. “பைப்பு அடிபட்டுருச்சு சார்” என்றார் மேஸ்திரி. தலைவர் குழியை எட்டிப் பார்த்தார். பைப்பை மாற்ற வேண்டுமென்றால் ரோட்டை வெட்ட வேண்டும், பத்து நாளாகும். விழாவுக்கு அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது. “சாக்கு வச்சு கட்டி, கான்கிரீட்ட போட்டு மூடு” என்றார். மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் செல்போனைப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா வந்தார். குழாயில் வருகிற தண்ணீர் ஒரு மாதிரி வாடை அடிப்பதாக முதல் தெருவில் சொன்னார்களாம்.

“சாமி, வளைவுக்கு தோண்டசொல்ல தண்ணி வந்துச்சா?”

“தெரியாதுக்கா” என்றேன்.

அவர் ஸ்டாண்டைத் தட்டவில்லை. திட்டவில்லை. என் முகத்தைப் பார்த்தார். கண்ணில் கோபம்கூட இல்லை. பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அப்போதே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பத்தடிகூட போகவில்லை அவர்.

தீபாவளிக்கு லீவு விட்டார்கள். பாதிப் பையன்கள் ஊருக்குப் போனார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு லீவு கிடையாது. தீபாவளி முடிந்த மறுநாள் மழை பிடித்தது. ஏரிகள் நிரம்பி, சாக்கடையும் ரோடும் ஒன்றாகி, கலர் அடித்த சுவர்களில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புக் கோடு ஏறியது. வளைவின் காலடியில் குளம்போல் தண்ணீர் நின்றது. மழை விட்டபிறகும் அங்கே மட்டும் வற்றவில்லை.

மூன்றாவது தெருவில் ஒரு காலை கணேசன் பக்கத்து ரூமைத் தட்டியிருக்கிறான். பதில் இல்லை. கதவை உடைத்துத் திறந்தால் இரண்டு பேர் வாந்தி பேதியில் கிடந்தார்கள். தண்ணி கேன் கொண்டுபோகிற டிரை சைக்கிளில் படுக்க வைத்து, வெள்ளத்தில் தள்ளிக்கொண்டே பெரியாஸ்பத்திரி பஸ்ஸைப் பிடித்தார்கள். இருவரும் பிழைத்தார்கள். அவர்களுடைய வீட்டு போன் நம்பர், ரத்த குரூப் முதற்கொண்டு பக்கத்து ரூம்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

அக்கா நேராக மூன்று மாடி பில்டிங்குக்குப் போனார். வாட்ச்மேன் விடவில்லை. நனைந்த சட்டையோடு என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

“மேல யார் யார் கீறாங்கன்னு ஒரு லிஸ்ட்டு மட்டும் குடு சாமி. நான் கீழ நின்னே பேர் சொல்லி கூப்புடுறேன். வராதவன் யாருன்னு பாத்தா போதும்.”

நான் தலைவருக்கு போன் செய்தேன். விழாவுக்கு நான்கு நாள் இருந்தது. “பீதிய கிளப்பாதீங்கப்பா. எல்லாரும் நல்லா இருக்காங்க” என்றார். நான் அதையே அக்காவிடம் சொன்னேன். “எல்லாரும் நல்லா இருக்காங்களாம்க்கா.”

“நீ பாத்தியா?”

நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இசக்கிமுத்துவை மறுநாள் காலை கண்டுபிடித்தார்கள். கூட இருந்தவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். ரூமிலிருந்து கக்கூசுக்குப் போகிற வழியில் விழுந்து கிடந்தான். பக்கத்து ரூமில் ஆள் இருந்தது. சத்தம் கேட்டதாம். குடித்துவிட்டு வாந்தி எடுக்கிறான் என்று நினைத்தார்களாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

அவனுடைய அப்பா வந்து உடம்பை வாங்கிக்கொண்டு போன அன்றே தலைவர் என்னைக் கூப்பிட்டார். “தண்ணின்னு ஒரு வார்த்த வெளிய போகக் கூடாது. பால்ல ஏதோ கோளாறுன்னு ஜனங்க பேசிக்கிறாங்க. ஒரு நோட்டீஸ் அடிச்சு விடு.”

ஜனங்கள் அப்படிப் பேசவில்லை. அது எனக்குத் தெரியும். இருந்தும் உட்கார்ந்து எழுதினேன். ‘பொதுமக்கள் நலன் கருதி, சைக்கிளில் கொண்டுவந்து விற்கப்படும் பாக்கெட் பாலைச் சில நாட்களுக்குத் தவிர்க்கவும்.’ பேர் போடவில்லை. எங்கள் ஊரில் சைக்கிளில் பால் கொண்டுவருகிறவர் ஒருவர்தான். நான் எழுதியதிலேயே அதுதான் வேகமாகப் பரவியது. மாலைக்குள் பேனரில் இருந்த அக்காவின் படத்தின் மீது யாரோ சாணி அடித்திருந்தார்கள். பால் ஏஜென்சி போய்விட்டது.

அதற்கு அடுத்த ஞாயிறு காலை பத்து மணி இருக்கும். விழாவைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். வளைவடியில் கூட்டம் என்று சொன்னார்கள், ஓடினேன். கணேசனும் லைன் வீட்டுப் பையன்களும் இடதுபக்கத் தூணை ஒட்டித் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா மேட்டில் நின்றார். தலைவரும் நாலைந்து வீட்டுக்காரர்களும் எதிரே நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

“எவன்டா உங்களுக்கு பர்மிஷன் குடுத்தது? தூணு சாஞ்சா யாரு பொறுப்பு? அங்க பைப்பே கெடயாது!”

கணேசன் கடப்பாரையை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தான். அக்கா கூட்டத்தைப் பார்த்தார். அவரிடம் சாட்சி இல்லை. மேஸ்திரி வளைவு வேலை முடிந்ததுமே திருவண்ணாமலைப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

“பைப்பு இருக்கு” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “இருக்கு. தோண்டும்போது அடிபட்டுது. நான் பாத்தேன். சாக்கு வெச்சு மூடினாங்க.”

தலைவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டியதில்லை. அவர் வாய் திறப்பதற்கு முன்பே அக்கா சொன்னார்: “எறங்கு சாமி. எடத்த காட்டு.”

பேன்ட்டோடு இறங்கினேன். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. கறுப்பாக இருந்தது, நாறியது. காலால் துழாவினேன். கான்கிரீட் பிடிக்காத ஓரத்தில் சாக்கு தட்டுப்பட்டது. அதை விலக்கியதும் பைப்பின் உடைசலில் என் கால்விரல் மாட்டியது. காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அந்த ஓட்டை என் விரலை உறிஞ்சியிருந்தது. மோட்டார் நின்றிருந்த நேரம். நான் நின்றுகொண்டிருந்த அந்தத் தண்ணீரைப் பைப் நிதானமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

“அக்கா, உள்ள போகுது” என்று கத்தினேன். “இப்பவும் போயிக்கிட்டிருக்கு!”

“மணி இன்னா?” என்றார் அக்கா. பதினொரு மணிக்குத் தண்ணீர் விடுவார்கள். பத்தே முக்கால் ஆகியிருந்தது. கணேசன் டேங்குக்கு ஓடினான். ஞாயிற்றுக்கிழமை, வால்வு திறக்கிறவர் எங்கே இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. அக்கா சைக்கிளை எடுத்தார். “நீயும் வா” என்றார் என்னிடம்.

முதல் தெருவில் முதல் வீடு. கதவைத் தட்டினார். ஜன்னலில் முகம் தெரிந்தது, ஜன்னல் மூடியது. இரண்டாவது வீட்டில், “எங்களுக்குப் பால் வேணாம், போ” என்று உள்ளே இருந்தே குரல் வந்தது. மூன்றாவது வீடு திறக்கவே இல்லை. மாலைக்குள் என் நோட்டீஸ் போன வேகம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா என் பக்கம் திரும்பினார். சேறு சொட்டிக்கொண்டு நின்றேன்.

“நீ சொல்லு.”

சொன்னேன். ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொன்னேன். “நோட்டீஸ் நான் எழுதினது. பொய். பால்ல ஒண்ணும் இல்ல. தண்ணி பிடிக்காதீங்க. பிடிச்சதக் கொட்டிடுங்க.” சிலர் திறந்தார்கள். ஒரு வீட்டில் என் சட்டையைப் பிடித்தார்கள். நாலாவது தெருவுக்குப் போகும்போது குழாய்களில் காற்று சீறுகிற சத்தம் கேட்டது, பிறகு தண்ணீர் விழுகிற சத்தம். நாங்கள் ஓடினோம். வால்வைத் திறந்தவர் ரூமைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார். கணேசன் போய்ச் சேர்ந்து, பூட்டை உடைத்து வால்வை மூடும்போது பதினைந்து நிமிஷம் போயிருந்தது.

அந்தப் பதினைந்து நிமிஷத்தில் பிடித்த தண்ணீரைக் குடித்தவர்கள் அடுத்தடுத்த நாட்களில் படுத்தார்கள். பெரும்பாலும் பிழைத்தார்கள். ஐந்தாவது தெருவில் ஒரு குழந்தை பிழைக்கவில்லை. அந்தத் தெருவுக்கு நாங்கள் போய்ச் சேரவில்லை.

பைப்பை மாற்றினார்கள். வளைவு அப்படியே நின்றது. சில மாதங்களில் தலைவர் வேறு ஆளை வைத்து வேறு பேரில் பேனர் போட்டார், அதற்கும் ஆட்கள் வந்தார்கள். அக்காவுக்கு ஏஜென்சி திரும்பக் கிடைக்கவில்லை. நோட்டீஸ் பொய்யென்று தெரிந்த வீடுகள்கூட ஏனோ அவரிடம் வாங்கத் தயங்கின. பொங்கலுக்கு முன்னால் அவரும் கணவரும் சேரப்பணஞ்சேரிப் பக்கம் வீடு மாறினார்கள்.

சாமான் ஏற்றுகிற அன்று போனேன். பீரோவை ஒரு கை பிடித்தேன். அக்கா வேண்டாமென்று சொல்லவில்லை. டெம்போ கிளம்பும்போது, “என்ன மன்னிச்சிடுங்கக்கா” என்றேன்.

“எங்கிட்ட சொல்லி இன்னா புண்ணியம்?” என்றவர், டிரைவரிடம் ஒரு பேனா வாங்கிப் பீடிக் கட்டுக் காகிதத்தின் பின்னால் எழுத்துக் கூட்டி எழுதினார். இசக்கிமுத்து அப்பாவின் பேர், ஊர், எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும். “அந்தாளுக்கு இன்னும் புள்ள எதுனால செத்தான்னு தெரியாது. குடிச்சிட்டு விழுந்துட்டான்னு யாரோ சொல்லி அனுப்பிட்டாங்க. போய் சொல்லிட்டு வா.”

ஒரு வாரம் அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். பிறகு தாம்பரத்தில் பஸ் ஏறினேன். தென்காசியில் இறங்கி, இன்னொரு பஸ் மாறி, மத்தியான வெயிலில் ஊரைக் கண்டுபிடித்துப் போனேன். வாசலில் கட்டிலை நிமிர்த்தி வைத்துக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார் அவன் அப்பா. ஒல்லியான மனிதர். மெட்ராஸ் பக்கத்திலிருந்து வருகிறேன், உங்கள் மகன் விஷயமாக ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். கயிற்றை விட்டுவிட்டு எழுந்தார்.

“வாங்க தம்பி. எம்புட்டுத் தூரம் வந்துருக்கீய. மொதல்ல தண்ணி குடிங்க, பொறவு பேசலாம்.”

உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். அவன் அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன். குளிர்ச்சியாக இருந்தது. செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நின்றபடியே, சொல்ல ஆரம்பித்தேன்.